இரண்டு பேர் கையெழுத்து

பாடத்தில் சாந்தம்மாளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கடைசிப் பக்கத்தில்தான் இடித்தது.

முதல் புத்தகத்தை அவள் நான்கு நாளில் முடித்திருந்தாள். 'கடவுள் யார்?' என்று தலைப்பு. முப்பத்திரண்டு பக்கம், மங்கலான அச்சு. காலையில் ஊசிகளைக் கொதிக்க வைத்துவிட்டு அரை மணி, மத்தியானம் தடுப்பூசிப் பதிவேடு எழுதி முடித்தபின் ஒரு மணி என்று படித்து, பத்துக் கேள்விக்கும் கோடு போட்ட தாளில் பதில் எழுதினாள். நர்ஸ் பரீட்சை எழுதி இருபத்தாறு வருஷம் ஆகியிருந்ததால் விரல் வலித்தது. ஆனாலும் எழுதியதைத் திருப்பிப் படித்தபோது, பரவாயில்லையே என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் விதிமுறைகள் என்று போட்டிருந்த பக்கத்தைப் பார்த்தாள்.

ஒவ்வொரு பாடத்தையும் மாணவர் குறைந்தது இரண்டு பேருடன் கலந்து பேச வேண்டும். அவர்களுடைய பெயரும் கையெழுத்தும் இல்லாத விடைத்தாள் திருத்தப்படாது.

நெல்லிமரத்தூரிலும் அதைச் சுற்றியிருந்த பதினோரு மலை ஊர்களிலும் கிறிஸ்தவர் என்று இருந்தது சாந்தம்மாள் ஒருத்திதான்.

அது 1979. அவளுக்கு நாற்பத்தேழு வயது. கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சபையில் அவள் அப்பா பிரசங்கம் செய்கிற உபதேசியாராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு உட்காரும்போது, "அப்பா, இன்னிக்கு நீங்க சொன்னதும் போன வாரம் சொன்னதும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரலியே" என்று கேட்கிற பிள்ளை அவள். பள்ளிக்கூடம் முடித்ததும் இறையியல் கல்லூரிக்குப் போகிறேன் என்றாள். அப்பா விசாரித்துக்கொண்டு வந்து, பெண்களை அங்கே எடுப்பதில்லையாம் என்றார். நர்ஸ் பயிற்சிக்கு எடுத்தார்கள். போனாள். கல்யாணம் ஆயிற்று, ஒரு மகள் பிறந்தாள், புருஷன் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார், மகளைக் காட்பாடியில் கட்டிக் கொடுத்தாள். ஜவ்வாது மலைக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது கூட இருந்த நர்சுகள் ஆளுக்கொருவரைப் பிடித்து உத்தரவை ரத்து செய்துகொண்டார்கள். சாந்தம்மாளுக்குப் பிடிக்க ஆள் இல்லை. வந்துவிட்டாள். வந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது.

சபைப் பத்திரிகையில் வந்த விளம்பரத்தில், பெங்களூரிலிருந்து அஞ்சல் வழியாக இறையியல் பட்டயம், ஆண் பெண் இருபாலரும் சேரலாம், வயது வரம்பு இல்லை என்று இருந்தது. 'பெண்' என்ற வார்த்தையை அவள் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பம் போட்டாள்.

விதிமுறையைப் படித்த மறுநாள் தபாலாபீசுக்குப் போனாள். தபாலாபீஸ் என்றால் கோபால்சாமியின் வீட்டு முன்னறைதான். ஒரு மேசை, ஒரு தகரப்பெட்டி, ஒரு முத்திரை. மற்ற நேரத்தில் அவர் சாமை விதைக்கிற குடியானவர். ஐம்பது வயதுக்காரர், பேச்சு அளவுதான். ஆனால் அன்றைக்கு அவரே ஆரம்பித்தார்.

"நர்சம்மா, உங்க பொஸ்தகத்துல ஒரு சந்தேகம்."

"என் பொஸ்தகத்த நீங்க எப்ப பாத்தீங்கண்ணா?"

"புக் போஸ்ட்டுங்க. ஒட்டாத கவரு. உள்ள கடிதாசி கிடிதாசி வெச்சிருக்காங்களான்னு பாக்கறது டிபார்ட்மெண்ட் ரூலு" என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல். "நாலாம் பக்கத்துல, கடவுளுக்கு எல்லாம் தெரியும்னு போட்டிருக்கு. ஒம்பதாம் பக்கத்துல, நமக்கு வேண்டியத அவருகிட்ட கேக்கணும்னு போட்டிருக்கு. தெரிஞ்சவருகிட்ட எதுக்குங்க கேக்கணும்?"

சாந்தம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அப்பாவைக் கேட்ட மாதிரியே இருந்தது. அங்கேயே நின்று ஒரு மணி நேரம் பேசினார்கள். பேசி முடித்தபின், வந்த விஷயத்தைச் சொன்னாள். கோபால்சாமி விதிமுறைப் பக்கத்தை வாங்கி, மேலிடத்துச் சுற்றறிக்கையைப் படிப்பதுபோல் விரல் வைத்துப் படித்தார்.

"ரெண்டு பேர்னுதான் இருக்கு. இன்னா ஆளுன்னு இல்ல. நான் ஒருத்தன். இன்னொருத்தர் யாரு?"

"செல்லிக்காவக் கேக்கலாம்னு இருக்கேன்."

கோபால்சாமி தபால் பையின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். "சரி. சனிக்கிழமை பை எடுக்க வர்ற ரன்னர் போனப்புறம் வர்றேன்" என்றார்.

செல்லியம்மாள் அந்த ஊர் மருத்துவச்சி. அறுபதை ஒட்டிய வயது. சாந்தம்மாள் வந்த புதிதில், வெள்ளைப் புடவைக்காரி ஊசி போட்டால் பால் வற்றிப் போகும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தவள். இரண்டு வருஷம் கழித்து, கால் முன்னால் வந்த ஒரு குழந்தையை இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தார்கள். அதிலிருந்து ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி பிரசவத்துக்குப் போவதில்லை. செல்லியம்மாள் யாரையும் 'நீ' என்றுதான் சொல்வாள். கலெக்டர் வந்தபோதும் அப்படித்தான் சொன்னாள்.

"சாமியப் பத்திப் பேசணுமா? பேசலாம். அதுக்குக் கைநாட்டு எதுக்கு? நாம பேசுனது சாமிக்குத் தெரியாமப் போயிடுமா?"

"சாமிக்கு இல்லக்கா. பெங்களூர்ல இருக்கறவங்களுக்கு."

"அவங்களுக்குன்னா சரி" என்றாள் செல்லியம்மாள்.

சனிக்கிழமைகளில் துணை சுகாதார நிலையத்தின் மருந்து அறையில் மூன்று பேரும் கூடினார்கள். சாந்தம்மாள் பாடத்தை வாசிப்பாள். கோபால்சாமி பக்கம் சொல்லி மடக்குவார். செல்லியம்மாள் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, முடியப் போகிற சமயத்தில் ஒரு கேள்வி போடுவாள். படைப்பு பற்றிய பாடத்தில், "எல்லாத்தையும் நல்லதுன்னு சொன்னாரே, அட்டையப் பாத்தும் சொன்னாரா?" என்று கேட்டாள். மழைக்காலத்தில் மலையேறிப் பழகிய சாந்தம்மாள் தன்னையறியாமல் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டாள்.

பேசி முடிந்ததும் படிவம். கோபால்சாமி தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டு, இருக்கட்டும் என்று தபாலாபீஸ் முத்திரையையும் குத்துவார். மை டப்பாவை அவர் கொண்டுவராத நாளில், புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தில் கட்டைவிரலைத் தோய்த்துச் செல்லியம்மாள் கைநாட்டு வைப்பாள். படிவத்தில் 'சபை' என்று ஒரு கட்டம் இருந்தது. முதல் தடவை சாந்தம்மாள் அதன்மேல் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தபோது, "காலியா விட்டா திருப்பிடுவாங்க" என்று கோபால்சாமி வாங்கி, இரண்டு பேருக்கும் 'நெல்லிமரத்தூர்' என்று எழுதிவிட்டார். அவள் பார்த்தாள். ஊர் பேர்தானே, பொய் இல்லையே என்று தனக்கே சொல்லிக்கொண்டு உறையில் போட்டாள். ஆனால் ஒவ்வொரு மாதமும் அந்தக் கட்டத்துக்கு வரும்போது மனசு கொஞ்சம் உறுத்தும்.

இன்னொன்றையும் அவள் கவனித்திருந்தாள். கோபால்சாமி செல்லியம்மாளிடம் நேராகப் பேசுவதில்லை. "அந்தம்மா சொல்றது சரி இல்லன்னு சொல்லுங்க" என்று சாந்தம்மாளைப் பார்த்துச் சொல்வார். செல்லியம்மாளும், "போஸ்ட்டாபீசுக்காரனக் கேளு" என்பாள். ஒரே ஊர்க்காரர்கள் ஏதோ முறை பார்க்கிறார்கள் போல என்று விட்டுவிட்டாள்.

எட்டாம் பாடம் அடுத்த வருஷம் ஆனி மாதத்தில் வந்தது. 'மன்னிப்பு' என்று தலைப்பு. தப்பு செய்தவன் மனம் வருந்திக் கேட்டால்தான் மன்னிப்பா, கேட்காமலும் உண்டா என்பதுதான் பாடம் முழுக்க. சாந்தம்மாள் வாசித்து முடித்தாள். கோபால்சாமி அன்றைக்குப் பக்கம் எதுவும் சொல்லவில்லை. செல்லியம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"நர்சம்மா, இதுல தப்பு பண்ணவனுக்குத்தான் எழுதியிருக்கு. தப்பு பண்ணாதவளுக்கு இன்னா எழுதியிருக்கு?"

"புரியலியேக்கா."

"நான் எனக்குத் தெரிஞ்சத எல்லாம் பண்ணேன். அவ செத்துட்டா. நான் யாருகிட்டப் போயி இன்னான்னு மன்னிப்புக் கேக்கறது? கேட்டா நான்தான் கொன்னேன்னு ஆயிடும். கேக்கலன்னா கல்நெஞ்சுக்காரின்னு ஆயிடும். இது எந்தப் பக்கத்துல கீது?"

நாற்காலி பின்னால் நகர்ந்தது. கோபால்சாமி எழுந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாந்தம்மாள் திகைத்துப்போய் வாசலையே பார்த்தாள். பிறகு செல்லியம்மாள்தான் சொன்னாள். செத்தது பெரியம்மாள், கோபால்சாமியின் பெண்சாதி. இருபது வருஷத்துக்கு முந்தி. தலைப் பிரசவம். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது, இப்போது படவேட்டில் வாழ்கிறாள். நஞ்சுக்கொடி விழவில்லை. ரத்தம் நிற்கவில்லை. வெளியே மூன்று நாள் மழை. கடைசியில் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். இறக்கம் முடிவதற்குள் உயிர் போய்விட்டது. டோலியைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிய இடத்தில், ஊர் முன்னால், "செல்லி கொன்னுட்டா" என்று கோபால்சாமி சொன்னார். அதற்கப்புறம் அவளிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அப்பறம் எதுக்குக்கா நான் கூப்பிட்டப்ப வந்தே? அவரு இருக்காருன்னு தெரியுமில்ல?"

"அவன் வர்றான்னு சொன்ன. அதான் வந்தேன்" என்றாள் செல்லியம்மாள்.

அந்த வாரம் சாந்தம்மாள் விடை எழுதினாள். கேள்வித்தாளில் கேட்டிருந்தது மன்னிப்பின் மூன்று நிலைகளை விளக்குக என்று. மூன்று நிலையையும் ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, செல்லியம்மாள் கேட்ட கேள்வியை ஐந்து பக்கத்துக்கு எழுதினாள். பெயர் எதையும் போடவில்லை. படிவத்தில் ஊதாக் கைநாட்டு ஒன்றுதான் இருந்தது. அதற்குக் கீழே, 'கலந்துரையாடலின் நடுவில் ஒருவர் எழுந்து போய்விட்டார். ஆகையால் ஒரு கைநாட்டு மட்டும்' என்று எழுதி உறையில் வைத்தாள்.

தபாலில் சேர்க்க அவரிடம்தானே போக வேண்டும். திங்கட்கிழமை போனாள். கோபால்சாமி உறையை வாங்கி எடை போட்டார். அவள் நகரவில்லை.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன். கோச்சுக்காதீங்க. நஞ்சு விழலன்னா எனக்கு ஊசி இருக்கு, ஜீப்பு இருக்கு, கீழ ஆஸ்பத்திரி இருக்கு. எல்லாம் இருந்தும் இந்த ஏழு வருஷத்துல என் கையில ரெண்டு பேரு போயிருக்காங்க. ஒண்ணு கோவிந்தன் மருமக, இன்னொண்ணு வீரன் பொண்ணு. உங்களுக்கே தெரியும். என்னை யாரும் கொன்னுட்டேன்னு சொல்லல. வெள்ளப் புடவ கட்டியிருக்கேன்னு சொல்லலியோ என்னமோ."

கோபால்சாமி முத்திரையை மை டப்பாவில் ஒற்றிவிட்டு, உறையில் குத்தாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப யாரு மேலதாங்க கோவப்படறது?" என்றார். "யாரு மேலயாவது இருந்தாத்தான தாங்க முடியுது."

அவளுக்கு அதற்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். அவர் உறையில் முத்திரை குத்திப் பையில் போட்டார்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவர் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை வந்தார். கூடவே, முட்டி வரை சேறாக, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆளும் வந்தார். திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இந்தப் பக்கத்து மாணவர்களின் விடைத்தாளைத் திருத்துகிற போதகர் ஞானாபரணம். சாந்தம்மாளைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு மைல் நடந்து, தபாலாபீசில் வழி கேட்டிருக்கிறார். கோபால்சாமிக்குக் கூட்டிக்கொண்டு வருவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. செல்லியம்மாள் ஏற்கெனவே மருந்து அறையில் உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீர் குடித்துவிட்டுப் போதகர் செல்லியம்மாளைக் கேட்டார். "அம்மா எந்தச் சபைங்க?"

"சபைன்னா?"

"எந்தக் கோயிலுக்குப் போவீங்க?"

"காளியம்மா கோயிலுக்கு. எங்களுக்கு அதான்."

போதகர் சாந்தம்மாளைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள்.

"தப்புதாங்க ஐயா. சபைங்கற எடத்துல ஊர் பேர எழுதினது எனக்குத் தெரியும். பாத்துட்டுதான் எட்டுத் தடவ அனுப்புனேன். இவங்க மேல ஒண்ணும் இல்ல. இந்த மலையில எனக்குப் பேச வேற ஆளு இல்லீங்க. இருந்திருந்தாலும் இவங்களளவு பேசியிருப்பாங்களான்னு தெரியல."

"அதப் பத்திப் பெங்களூர்க் கமிட்டிதாம்மா சொல்லணும், நான் சொல்ல முடியாது" என்றார் போதகர். தோள் பையிலிருந்து அவளுடைய விடைத்தாளை எடுத்தார். இன்னும் மார்க் போடவில்லை. "நான் வந்தது அதுக்கில்ல. அஞ்சு வருஷமா திருத்தறேன். எல்லாப் படிவத்துலயும் ரெண்டு கையெழுத்து சுத்தமா இருக்கும். ஒருத்தரு எழுந்து போயிட்டாருன்னு இதுவரைக்கும் யாரும் எழுதி அனுப்புனதில்ல. அப்படி இன்னா பேசுனீங்கன்னு பாக்கணும்னு தோணுச்சு."

"எழுந்து போனது நான்தாங்க" என்றார் கோபால்சாமி.

அவர் உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, பெரியம்மாள் செத்ததைப் போதகரிடம் சொன்னார். மழை, டோலி, இறக்கம் எல்லாவற்றையும், தந்தி வாசிப்பது மாதிரி, நாலைந்து வாக்கியத்தில் சொன்னார். சொல்லிவிட்டு, தலையைத் திருப்பி நேராகச் செல்லியம்மாளைப் பார்த்தார்.

"செல்லி, நான் ஒண்ணு கேக்கறேன். இந்த மூணு வாரமா அதான் மண்டையில ஓடுது. அன்னிக்கு அத்தினி நேரம் வூட்டுலயே எதுக்கு வெச்சிருந்த? முன்னாலயே கீழ கொண்டு போவச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன்."

"யாருகிட்ட?"

"உங்கம்மாகிட்ட. கொழந்த பொறந்த கொஞ்ச நேரத்துலயே சொன்னேன், இது என் கையில அடங்காது, டோலி கட்டுங்கன்னு. மழையில பச்ச ஒடம்ப வெளிய எடுக்கக் கூடாதுன்னு உங்கம்மா கதவ மறிச்சிக்கினு நின்னா. நீ அப்ப மாட்டுக் கொட்டாயில குந்தியிருந்த."

கோபால்சாமியின் கை நிலையிலிருந்து இறங்கியது.

"எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"நீ கேக்கல. இருவது வருஷம், ஒரு நாளாவது வந்து இன்னா நடந்துச்சின்னு கேட்டியா? கொன்னுட்டான்னு சொன்ன, அதோட போயிட்ட."

"நீயாவது வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லி? பொண்டாட்டியும் போயி, பெத்தவளும் உனக்கு ஆவாமப் போவணுமா? கைக்கொழந்தய அவதான வளத்தா." செல்லியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பறம் அவளும் செத்துட்டா. செத்தவ மேல சொன்னா நீ நம்புவியா?"

போதகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாந்தம்மாள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

கோபால்சாமி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்கம்மா அப்படித்தான்" என்றார் மெதுவாக. "மழைன்னா அவங்களுக்கு பயம்." பிறகு இன்னும் மெதுவாக, "நான் எழுந்து உள்ள வந்திருக்கலாம்" என்றார். செல்லியம்மாள் எழுந்து பானையிலிருந்து தண்ணீர் மொண்டு அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார்.

புறப்படும் முன் போதகர் விடைத்தாளைப் படிவத்தோடு மேசைமேல் வைத்தார். கோபால்சாமி பேனா கேட்டு வாங்கி, ஊதாக் கைநாட்டுக்கு மேலே இருந்த கோட்டில் கையெழுத்துப் போட்டார். சபை என்ற கட்டத்தில் இந்தத் தடவை எதுவும் எழுதவில்லை. "அது காலியாவே இருக்கட்டுங்க" என்று போதகரிடம் கொடுத்தார். போதகர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கோபால்சாமியே அவரோடு நாலு மைலும் நடந்து போய் ஏற்றிவிட்டு வந்தார்.

ஒன்றரை மாதம் கழித்துக் கமிட்டியின் கடிதம் வந்தது. முடிந்துபோன எட்டுப் பாடமும் செல்லும். இனிமேல் மாணவி மாதம் ஒருமுறை திருவண்ணாமலைக்கு வந்து அங்குள்ள குழுவோடுதான் கலந்துபேச வேண்டும். எட்டாம் பாடத்துக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று. 'கேட்ட கேள்விக்கு விடை சுருக்கம். கேட்காத கேள்விக்கு விடை நீளம். முடிவுரை இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. முடிவுரை இல்லை என்பது சாந்தம்மாளுக்கும் சரியாகத்தான் பட்டது.

மாதம் ஒரு லீவு போட்டுத் திருவண்ணாமலைக்குப் போய் வந்தாள். அங்கே குழுவில் ஆறு பேர், எல்லாரும் ஆண்கள், ஐந்து பேர் இளவட்டம். புத்தகத்தில் இருந்ததை நன்றாகச் சொன்னார்கள். ஆனால் அங்கே போவதற்கு முந்தின சனிக்கிழமையே பாடம் மருந்து அறையில் அலசிப் பிழியப்பட்டிருக்கும். படிவம் இல்லை, முத்திரை இல்லை, ஆனாலும் இரண்டு பேரும் வருவதை நிறுத்தவில்லை. இப்போது கோபால்சாமியும் செல்லியம்மாளும் நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள். பேசினார்கள் என்பதைவிடச் சண்டை போட்டார்கள் என்று சொல்லலாம். நடுவில் புகுந்து பாடத்தை முடிப்பது சாந்தம்மாளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

1983இல் பட்டயம் வாங்கினாள். இரண்டாம் வகுப்பு. சபைகளில் வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பெண்கள் ஞாயிறு அன்று, அந்த வருஷம் போளூர்ப் பக்கத்துச் சபை ஒன்றில் பேச அவளைக் கூப்பிட்டார்கள். பீடத்தில் பெண்கள் ஏறுவது வழக்கம் இல்லை, கீழே நின்று பேசலாம் என்றார்கள். அவள் கீழேயே நின்றாள். ஐம்பத்தொரு வயதில் அதற்காக வாதாட அவளுக்குப் பொறுமையில்லை. அதோடு, கீழே நின்றால் முன்வரிசையில் இருப்பவர்களின் முகம் நன்றாகத் தெரிந்தது.

பதினைந்து நிமிஷம் பேசினாள். அந்த இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டு, பெயர் சொல்லாமல், அவர்கள் கதையைத்தான் சொன்னாள். யார் மேல் கோபப்படுவது என்று ஒருவர் தன்னிடம் கேட்டதையும், தெரியவில்லை என்று தான் சொன்னதையும், நாலு வருஷம் படித்தபின்னும் அதற்குத் தன்னிடம் முழுப் பதில் இல்லை என்பதையும் சொன்னாள். "ஆனா, இன்னா நடந்துச்சின்னு போயிக் கேக்கலாம். அது தெரியும்" என்று முடித்தாள். சபையை நடத்துகிற மூப்பர்களில் ஒருவர், பிரசங்கத்தில் ஆறுதல் போதவில்லை என்றார். இருக்கலாம் என்றாள்.

வெளியே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, கன்னியம்மாள் என்று ஒரு நடுத்தர வயதுக்காரி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"ஏம்மா, அந்த ரெண்டு பேரும் இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. போன மாசம் அவரு மகளுக்குப் பிரசவம். படவேட்டுலேந்து மலைக்கே கூட்டியாந்துட்டாரு. நானும் அந்த மருத்துவச்சியும்தான் பாத்தோம்."

"இன்னா கொழந்த?"

"பையன். மூணு கிலோ" என்றாள் சாந்தம்மாள். பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து வேகமாக நடந்தாள்.